கிரேவ்ஸ் தைராய்டுக்கு மாத்திரையா, ரேடியோ அயோடினா, ஆபரேஷனா? எங்க வீட்ல மூணுமே நடந்திருக்கு

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு சித்தி பொண்ணு போன் பண்ணா. எடுத்ததும் "அக்கா, எனக்கும் வந்துடுச்சு"ன்னா. எனக்கு ஒரு செகண்ட் புரியல, அப்புறம் அவ வாட்ஸ்அப்ல அனுப்பின ரிப்போர்ட்ட பார்த்தேன், டிஎஸ்எச் 0.01க்கும் கீழ, தைராய்டு ஹார்மோன் டி3 டி4 ரெண்டும் மேல, ஆன்டிபாடி பாசிட்டிவ். 25 வயசு, ஆவணில கல்யாணம். "நீ ஏன் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட, அம்மா ஏன் அந்த கதிர்வீச்சு மருந்து சாப்பிட்டாங்க, டாக்டர் எனக்கு மாத்திரை மட்டும் எழுதியிருக்காரு, ஏன் ஆளுக்கு ஒண்ணு?"ன்னு கேட்டா. அன்னைக்கு ஒரு மணி நேரம் பேசினேன், அவளுக்கு சொன்னதையே இங்கயும் எழுதிடுறேன், ஏன்னா இத நாலு பேர் நாலு விதமா சொல்லி குழப்புறாங்க.

முதல்ல ஒரு விஷயம். எங்கம்மாவுக்கு ஹைப்போ, அதாவது ஹார்மோன் கம்மி, ஹாஷிமோட்டோ வகை. சித்திக்கும் எனக்கும் இப்ப இவளுக்கும் ஹைப்பர், அதாவது ஹார்மோன் ஜாஸ்தி, கிரேவ்ஸ் வகை. "ஒருத்தருக்கு கம்மி, ஒருத்தருக்கு ஜாஸ்தி, எப்படி ஒரே குடும்பத்துல?"ன்னு கேப்பாங்க, ஆனா ரெண்டுமே நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி நம்ம தைராய்டையே எதிரியா பாக்குறதுதான், அந்த சுபாவம்தான் குடும்பத்துல ஓடுது. ஹாஷிமோட்டோல அது சுரப்பிய கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிடும். கிரேவ்ஸ்ல அரிக்காது, முடுக்கி விட்ரும்.

வீட்டு மோட்டார வச்சு யோசிங்க. டேங்க் நிறைஞ்சா சென்சார் மோட்டார ஆஃப் பண்ணிடும் இல்லையா, மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி அந்த வேலைய டிஎஸ்எச் வச்சு பண்ணுது, ஹார்மோன் போதும்னா டிஎஸ்எச்ச குறைச்சிடும். கிரேவ்ஸ்ல என்ன ஆகுதுன்னா யாரோ ஸ்டார்ட்டர தாண்டி மோட்டாருக்கு டைரக்ட் கொடுத்துட்டாங்க. எதிர்ப்பு சக்தி தப்பா தயாரிக்கிற அந்த ஆன்டிபாடி டிஎஸ்எச் உக்கார்ற அதே இடத்துல போய் உக்காந்து "ஓடு ஓடு"ன்னு சொல்லிட்டே இருக்கு. பிட்யூட்டரி டிஎஸ்எச்ச ஜீரோவுக்கு இறக்கியும் பிரயோஜனம் இல்ல, மோட்டார் ஓடுது, டேங்க் வழியுது. அதனாலதான் ரிப்போர்ட்ல டிஎஸ்எச் கம்மின்னு பாத்துட்டு "தைராய்டு கம்மியா இருக்கு போல"ன்னு எங்க பக்கத்து வீட்டக்கா மாதிரி தப்பா படிச்சிடக் கூடாது, இது தலைகீழ் கணக்கு.

எனக்கு வந்தப்போ தெரிஞ்ச மொத விஷயம் கோலம். மார்கழில பதினஞ்சு புள்ளி வச்சு இழுத்தா கோடு நடுங்குது, கம்பி கோலம் ஜிலேபி மாதிரி வருது. கை நடுக்கம். அப்புறம் நல்லா சாப்பிட்டும் எடை இறங்குது, வேர்த்துக் கொட்டுது, ராத்திரி ரெண்டு மணிக்கு படுத்துக்கிட்டே மணிக்கட்ட புடிச்சு எண்ணுனா நிமிஷத்துக்கு 112. முதல்ல பாத்த டாக்டர் டென்ஷன்னு சொல்லி தூக்க மாத்திரை கொடுத்தாரு, ரெண்டு மாசம் அதுலயே போச்சு. அவர குறை சொல்லி என்ன, நானும் சின்னக் குழந்தைய வச்சிருக்கேன், தூக்கம் இல்ல, அதான்னு நம்பிட்டேன்.

வழிய தேர்ந்தெடுக்குறதுக்கு முன்னாடி இது நிஜமாவே கிரேவ்ஸ்தானான்னு உறுதி பண்ணிக்கணும், இத நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு, வைரஸ் காய்ச்சல் வந்து போனதுக்கு அப்புறம் சில பேருக்கு, தைராய்டு வீங்கி உள்ள சேர்த்து வச்ச ஹார்மோன் ஒழுகும், அப்பவும் ரிப்போர்ட் இதே மாதிரிதான் இருக்கும், ஆனா அது சில வாரம் சில மாசத்துல தானா அடங்கிடும், அதுக்கு இந்த மூணு வழியும் தேவையே இல்ல. பிரிச்சுப் பாக்க டிஎஸ்எச் ரிசப்டார் ஆன்டிபாடி டெஸ்ட், இல்லன்னா லேசான கதிர் மருந்த ஊசில ஏத்தி எடுக்குற டெக்னீஷியம் ஸ்கேன். ஸ்கேன்ல சுரப்பி மருந்த ஆசையா இழுத்துச்சுன்னா கிரேவ்ஸ், இழுக்கலன்னா வெறும் வீக்கம். இன்னொண்ணு, முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறீங்களா, அது ரத்தப் பரிசோதனையவே ஏமாத்தும், ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு கூட கிரேவ்ஸ் மாதிரி ரிப்போர்ட் வரும். டெஸ்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடணும். இவகிட்ட கேட்டேன், சாப்பிடலயாம். ஆன்டிபாடியும் ஸ்கேனும் ரெண்டுமே கிரேவ்ஸ்னுதான் சொல்லுது.

சரி, மூணு வழி. மூணுமே அந்த ஆன்டிபாடிய நேரா போய் அடிக்கிறது இல்ல. மாத்திரை மோட்டாரோட வேகத்த இறக்கி வைக்குது, அந்த இடைவெளில ஆன்டிபாடி தானா அடங்குமான்னு காத்திருக்கோம். ரேடியோ அயோடின் மோட்டார் காயில உள்ளுக்குள்ளயே எரிக்குது. ஆபரேஷன் மோட்டாரையே கழட்டி வெளிய வைக்குது. பின்னாடி ரெண்டுலயும் அதுக்கப்புறம் ஆயுசுக்கும் கேன் தண்ணி வாங்கணும், அதாவது தினமும் தைராக்சின் மாத்திரை. ஆக நாம கேக்க வேண்டியது "எதுல குணமாகும்"னு இல்ல, "எந்த தொந்தரவோட நான் வாழ தயார்"னுதான். திரும்ப வந்துடுமோன்னு பயந்துகிட்டு சொந்த சுரப்பியோட இருக்கணுமா, இல்ல சுரப்பிய விட்டுட்டு ஒரு மாத்திரையோட நிம்மதியா இருக்கணுமா. இத யாரும் எனக்கு முதல்லயே சொல்லல, சொல்லியிருந்தா ஒரு வருஷம் அழுதிருக்க மாட்டேன்.

மாத்திரைல ஆரம்பிக்கிறேன். நம்ம ஊர்ல கார்பிமசோல், நியோமெர்கசோல்னு கடைல கேட்டா கொடுப்பாங்க. உடம்புக்குள்ள போய் மெதிமசோலா மாறி புது ஹார்மோன் தயாரிக்கிறத தடுக்கும். ஆனா ஏற்கனவே சுரப்பில ஸ்டாக் இருக்குல்ல, அது தீர நாலஞ்சு வாரம் ஆகும், அதுவரைக்கும் படபடப்புக்கு புரோப்ரானலால் கொடுப்பாங்க, ஆஸ்துமா இருந்தா டாக்டர்கிட்ட வாய திறந்து சொல்லிடணும், அவங்களுக்கு அது ஆகாது. ஆரம்பத்துல 20, 30 மில்லிகிராம், நோய் ஜாஸ்தின்னா 40, அப்புறம் ரத்தம் பாத்து பாத்து 5க்கோ 10க்கோ இறக்குவாங்க. மொத்தம் 12ல இருந்து 18 மாசம். விலை கம்மி, சுரப்பி அப்படியே இருக்கு, வெட்டு இல்ல கதிர் இல்ல. கேக்க நல்லாதான் இருக்கு.

பிரச்சனை நிறுத்தினதுக்கு அப்புறம். கிட்டத்தட்ட பாதி பேருக்கு திரும்ப வந்துடும். சுரப்பி வீக்கம் சின்னதா இருந்து, முடிக்கும்போது ஆன்டிபாடி இறங்கியிருந்தா அதிர்ஷ்டம் கொஞ்சம் நம்ம பக்கம். வீக்கம் பெருசு, சிகரெட் பழக்கம், ஆன்டிபாடி இறங்கவே இல்ல, இப்படின்னா எதிர் பக்கம். எனக்கு 18 மாசம் முடிச்சு நிறுத்தி ஏழாவது மாசம் திரும்ப வந்துச்சு, அதுவும் நான் டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே கோலம் காட்டிக் கொடுத்துடுச்சு. இப்ப சில டாக்டருங்க நிறுத்தாம குறைஞ்ச டோஸ்லயே அஞ்சு வருஷம் பத்து வருஷம் கூட ஓட்டுறாங்க, ஈரான்ல அப்படி வருஷக்கணக்கா கொடுத்துப் பாத்ததுல திரும்ப வர்றது நல்லாவே குறைஞ்சிருக்கு. வயசானவங்களுக்கோ, ஆபரேஷன் வேண்டாம் கதிரும் வேண்டாம்னு இருக்கவங்களுக்கோ இது நல்ல வழிதான், எங்க ஆபீஸ்ல ஒரு சார் ஆறு வருஷமா 5 மில்லிகிராம்ல வண்டி ஓட்டுறாரு.

பக்க விளைவுல அரிப்பு, தடிப்பு வர்றது சகஜம். முக்கியமா பயப்பட வேண்டியது ஒண்ணு, அபூர்வமா, 1000 பேர்ல ரெண்டு மூணு பேருக்கு வெள்ளை அணு மொத்தமா விழுந்துடும், பெரும்பாலும் முதல் மூணு மாசத்துக்குள்ள. அடையாளம் காய்ச்சலும் தொண்டை வலியும். நம்மாளுங்க தொண்டை வலின்னா மஞ்சப் பால் குடிச்சிட்டு படுப்பாங்க, இந்த மாத்திரை சாப்பிடும்போது அது ஆகவே ஆகாது, மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே ரத்த அணு டெஸ்ட், ராத்திரியா இருந்தாலும் சரி ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் சரி. கண்ணு மஞ்சளானாலும் அப்படித்தான், ஈரல் சமாச்சாரம்.

அப்புறம் கர்ப்பம். கார்பிமசோல் முதல் மூணு மாசத்துல குழந்தைக்கு குறைபாடு உண்டாக்கலாம், அதனால அந்த நேரத்துக்கு புரோபைல்தையோயுராசில்னு வேற மாத்திரைக்கு மாத்துவாங்க, அது ஈரலுக்கு கொஞ்சம் முரட்டு மருந்து. அதனால குழந்தைங்கிறது திட்டம் போட்டு வர வேண்டிய விஷயமா ஆயிடுது, தற்செயலா வரக் கூடாது.

ரேடியோ அயோடின் சித்தி கதை. தைராய்டு மட்டும்தான் உடம்புல அயோடின இவ்ளோ ஆசையா இழுக்கும், அந்த ஆசைய வச்சே அதுக்கு பொறி வைக்கிற வேலை இது. 1941ல அமெரிக்கால பாஸ்டன்ல சால் ஹெர்ட்ஸ்ங்கிற டாக்டர் முதல்முதலா நோயாளிங்களுக்கு சிகிச்சையா கொடுத்தாரு, இன்னைக்கும் அடிப்படை அதேதான். அமெரிக்கால ரொம்ப காலம் இதுதான் முதல் சாய்ஸ், ஐரோப்பாலயும் ஜப்பான்லயும் மாத்திரைதான் முதல்ல. ஜனாதிபதியா இருந்த பெரிய புஷ்ஷுக்கும் அவர் சம்சாரம் பார்பராவுக்கும் ரெண்டு வருஷ இடைவெளில, அந்தம்மாவுக்கு 1989லயும் அவருக்கு 1991லயும், கிரேவ்ஸ் வந்துச்சு, ரெண்டு பேருக்கும் இதே மருந்துதான். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் எப்படின்னு வெள்ளை மாளிகை தண்ணிய எல்லாம் டெஸ்ட் பண்ணாங்க, ஒண்ணும் சிக்கல. (எங்க மாமியார் சொல்வாங்க கண்ணுபட்டிருக்கும்னு.)

சித்திக்கு அப்போ 52. மாத்திரை ஒரு ரவுண்டு முடிச்சு திரும்ப வந்துச்சு, லேசா இதயத் துடிப்பும் தப்புச்சு, குழந்தை குட்டி திட்டம் எல்லாம் முடிஞ்ச வயசு, கண்ணுல தொந்தரவு இல்ல. அவங்களுக்கு இது கச்சிதம். அஞ்சு நாள் முன்னாடி கார்பிமசோல நிறுத்தச் சொன்னாங்க. நான்தான் கூடப் போனேன், ஈயத்துல செஞ்ச கனமான டப்பாவ திறந்து இடுக்கில ஒரே ஒரு கேப்சூல எடுத்து கொடுத்தாங்க, "இத்தனூண்டு மாத்திரைக்கா இவ்ளோ பெரிய டப்பா"ன்னு சித்தி கேட்டதுல அங்க இருந்த டெக்னீஷியனே சிரிச்சுட்டாரு. முழுங்குனாங்க, கொஞ்ச நேரம் உக்கார வச்சாங்க, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வெட்டு இல்ல, வலி இல்ல, அவ்ளோதான்.

வீட்லதான் கஷ்டம். அந்த அயோடின் எட்டு நாளைக்கு ஒருக்கா பாதியா குறையும், அதுவரைக்கும் குழந்தைங்க, கர்ப்பிணிங்க கிட்ட நெருங்கக் கூடாது, எத்தனை நாள்னு டோஸ பாத்து அவங்க எழுதிக் கொடுப்பாங்க. சித்திய மாடி ரூம்ல வச்சோம், தனி தட்டு, தனி துண்டு, பாத்ரூம்ல ரெண்டு தடவ தண்ணி. ரெண்டு வயசு பேரன் மாடிப்படில நின்னு "அப்பத்தா வா"ன்னு அழுவான், சித்தி மேல இருந்து கையாட்டுவாங்க. தனி ரூமும் தனி பாத்ரூமும் இல்லாத வீட்ல இத எப்படி சமாளிக்கிறதுன்னு நாள் குறிக்கிறதுக்கு முன்னாடியே யோசிச்சு வைக்கணும், ஒரே ரூம்ல எல்லாரும் வரிசையா படுக்குற குடும்பம்தான நம்ம ஊர்ல பாதி.

பலன் உடனே தெரியாது, ஆறு வாரத்துல இருந்து ஆறு மாசம். சில பேருக்கு ரெண்டாவது டோஸ் வேணும். சித்திக்கு நாலாவது மாசம் ஹைப்போவுக்கு போயிடுச்சு, அது சைடு எஃபெக்ட் இல்ல, நோக்கமே அதுதான், ஆனா யாரும் விளக்கலைன்னா "மருந்து கெடுத்துடுச்சு"ன்னு ஊரெல்லாம் சொல்லுவோம், சித்தியும் சொன்னாங்க.

யாருக்கு கூடாது? கர்ப்பிணிக்கும் பால் கொடுக்குறவங்களுக்கும் கூடவே கூடாது. எடுத்துக்கிட்டா ஆறு மாசம் கர்ப்பம் தள்ளிப் போடணும். கண்ணு முழி வெளிய தள்ளி சிவந்து உறுத்துறவங்களுக்கு இது கண்ண இன்னும் மோசமாக்கலாம், புகை பிடிக்கிறவங்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். லேசா இருந்தா ஸ்டீராய்டு கொடுத்துட்டு பண்ணுவாங்க, ஜாஸ்தியா இருந்தா இந்த வழியே வேண்டாம்னுடுவாங்க. இன்னொரு நுணுக்கம், இத எடுத்ததுக்கு அப்புறம் ஆன்டிபாடி பல மாசத்துக்கு ஏறி நிக்கும், அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி தாண்டி குழந்தையோட தைராய்டையும் முடுக்கலாம். சீக்கிரம் குழந்தை வேணும்னு நினைக்கிறவங்களுக்கு இது பெரிய பாயின்ட்.

அங்கதான் நான் ஆபரேஷன் பக்கம் சாஞ்சேன். எனக்கு 33, ஒரு பையன் மூணு வயசு, அவன கிட்ட விடாம இருக்க முடியாது, ரெண்டாவது குழந்தை சீக்கிரம் வேணும், கழுத்து வீக்கம் கண்ணாடில தெரியிற அளவுக்கு பெருசு, மாத்திரை ஏற்கனவே கைவிட்டுடுச்சு. இத வரிசையா எழுதிப் பாத்தப்போ எனக்கு விடை தானா வந்துடுச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் ஆன்டிபாடியும் ரேடியோ அயோடினவிட சீக்கிரம் இறங்குது.

ஹைப்பரோட நேரா மேஜைல படுக்க வைக்க மாட்டாங்க, மயக்க மருந்துல உயிருக்கே ஆபத்து, அதனால மாத்திரையால நார்மலுக்கு கொண்டு வந்து, கடைசி பத்து நாள் லுகால்ஸ் அயோடின் சொட்டு கொடுத்தாங்க, சுரப்பிக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு வெட்ட சுலபமா இருக்குமாம். ஆணிய நக்கின மாதிரி ருசி, தம்ளர் எல்லாம் பழுப்பு கறை. முந்தின நாள் மூக்கு வழியா சின்ன கேமரா விட்டு "ஈஈஈன்னு சொல்லும்மா"ன்னாங்க, குரல் நாண் ரெண்டும் அசையுதான்னு பாக்க. ஏன்னா இந்த ஆபரேஷனோட ரெண்டு பயம், குரல் நரம்பு ஒண்ணு, தைராய்டுக்கு பின்னாடி பருப்பு சைஸ்ல ஒட்டிக்கிட்டு இருக்குற நாலு பாராதைராய்டு இன்னொண்ணு. அதுங்கதான் கால்சியத்த கவனிக்கிறவங்க. பழகின கைல நிரந்தர பாதிப்பு 100ல ஒண்ணு ரெண்டுதான், பழகாத கைல கூடும். வருஷத்துக்கு 25க்கு மேல தைராய்டு எடுக்கிறவங்ககிட்ட சிக்கல் குறைவுன்னு ஆய்வே இருக்கு, அதனால "டாக்டர், வருஷத்துக்கு எத்தனை பண்ணுவீங்க"ன்னு கேக்க கூச்சப்படாதீங்க, நான் கேட்டேன், அவர் கோச்சுக்கல. சென்னை மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல எண்டோகிரைன் சர்ஜரிக்குன்னு தனி டிபார்ட்மென்டே இருக்கு, வேலூர் சிஎம்சிலயும் இருக்கு.

ரெண்டாம் நாள் காலைல உதட்ட சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி, விரல் நுனி மரமரன்னு. கால்சியம் இறங்கிடுச்சு. நர்ஸம்மா பாத்ததும் கண்டுபுடிச்சு ஊசி போட்டாங்க, அப்புறம் ஆறு வாரம் கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி, பிறகு தேவைப்படல. குரல் ரெண்டு வாரம் கரகரன்னு இருந்துச்சு, பையன தாலாட்ட முடியல. தழும்பு இப்ப கழுத்து மடிப்போட மடிப்பா தாலிச் செயினுக்கு கீழ ஒளிஞ்சிருக்கு. செலவு மூணுலயும் இதுக்குதான் அதிகம், ஆனா அட்மிஷன்ங்கிறதால இன்சூரன்ஸ் பெரும்பகுதி கொடுத்துச்சு, மாத்திரைக்கும் ரத்த டெஸ்டுக்கும் ஒரு ரூபா கொடுத்ததில்ல.

சித்தியும் நானும் இப்ப ஒரே கட்சி, தினம் காலைல தைராக்சின். உடம்பு எடைக்கு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் கணக்கு, எனக்கு 100. வெறும் வயித்துல தண்ணியோட, அதுக்கப்புறம் குறைஞ்சது அரை மணி நேரம், முடிஞ்சா ஒரு மணி நேரம் காபி கூடாது. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி. சித்திக்கு இந்த காபிதான் பெரிய தண்டனை, மாத்திரைய போட்டுட்டு டம்ளர கைல வச்சுக்கிட்டு கடிகாரத்த பாத்துட்டே உக்காந்திருப்பாங்க. ஒரு நாள் மறந்தா உலகம் முழுகிடாது, மருந்து ரத்தத்துல ஒரு வாரம் வரைக்கும் தாக்கு பிடிக்கும். டோஸ் செட் ஆனதும் வருஷத்துக்கு ஒரு டெஸ்ட் போதும். கர்ப்பமானா மட்டும் உடனே ஓடிப் போய் டோஸ் ஏத்திக்கணும், கூடவே ஆன்டிபாடியும் பாக்கச் சொல்லணும், சுரப்பி இல்லாட்டியும் அது ரத்தத்துல இருக்கலாம்.

நாட்டு மருந்து பத்தி கேக்காதீங்க, ரெண்டு வரில முடிச்சிடுறேன். முட்டைக்கோஸ் நிறுத்தினா, கல்லுப்புக்கு மாறினா கிரேவ்ஸ் போகாது. யாரோ சொன்னாங்கன்னு மாத்திரைய பட்டுன்னு நிறுத்தி, அந்த நேரம் ஒரு காய்ச்சலும் சேர்ந்து, ஹைப்பர் உயிருக்கே ஆபத்தாகுற அளவுக்கு எகிறி, தைராய்டு ஸ்டார்ம்னு ஐசியூக்கு போனவங்க இருக்காங்க.

இவ கணக்குக்கு வருவோம். முதல் தடவ வந்திருக்கு, வீக்கம் லேசு, கண்ணு நல்லா இருக்கு, வயசு 25. இவளுக்கு மாத்திரைதான் சரி, டாக்டர் சொன்னதுதான், எனக்கு அதுல மறுப்பே இல்ல. பாதிப் பேருக்கு திரும்பாதுல்ல, அந்தப் பாதில இவ இருந்துட்டு போகட்டும், சுரப்பிய எப்ப வேணா எடுத்துக்கலாம், எடுத்தத திரும்ப வைக்க முடியாது. ஒன்றரை வருஷம் குழந்தை வேண்டாம்னு முடிவு பண்ணணும். அதனாலதான் மாப்பிள்ளைகிட்ட இப்பவே சொல்லிடுன்னேன். சித்திக்கு அது புடிக்கல, "நிச்சயம் ஆன பொண்ணுக்கு நோய் இருக்குன்னு சொல்லுவாங்களா யாராவது"ன்னு போன புடுங்கி என்னைத் திட்டினாங்க. சித்தி, கல்யாணம் ஆன ரெண்டாவது மாசமே விசேஷம் உண்டான்னு அவங்க வீட்ல கேக்க ஆரம்பிப்பாங்க, அப்ப இவ தனியா எத்தன பொய் சொல்லுவா, அந்தப் பையனுக்கு தெரிஞ்சா அவனும் சேர்ந்து சமாளிப்பான்னேன். பதில் இல்ல. மறுநாள் அவளே அவன்கிட்ட சொல்லியிருக்கா, அவன் கேட்ட ஒரே கேள்வி "இது ஒட்டுமா"வாம்.

இப்ப 20 மில்லிகிராம்ல நாலாவது நாள். தொண்டை வலி விஷயத்த பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்ட சொல்லியிருக்கேன். கடைசியா அவளுக்கு இருந்த சந்தேகம், "அக்கா, வெயிட் ஏறுமா? முகூர்த்த பிளவுஸ் அளவு கொடுத்துட்டேன்." ஏறும்டி, இறங்கின ஆறு கிலோவும் திரும்ப வரும், டெய்லர்கிட்ட ரெண்டு பக்கமும் ஒன்றரை இன்ச் உள்ள விட்டு தைக்கச் சொல்லு.